பள்ளி விட்டு வந்ததும் முகம் உர்ரென்று ஆகிவிடுகிறது: 5 வயதுப் பிள்ளைக்கு மூட் அவுட்டை எப்படிப் புரியவைப்பது?

ஈரோட்டு அம்மா

என் மகளுக்கு 5 வயது முடிந்துவிட்டது, யூகேஜி படிக்கிறாள். தரையில் புரண்டு அழுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. இப்போது நடப்பது வேறு மாதிரி. மூன்றரை மணிக்கு வேனை விட்டு இறங்கும்போதே முகம் தொங்கிப்போய் இருக்கிறது. பையைக் கழற்றிவிடப் போனால் "நானே கழட்டுவேன்" என்கிறாள். சரி என்று விட்டால் "நீ ஏன் கழட்டல?" என்று அழுகை. தோசை ஓரத்தில் கிழிந்திருந்தால் அந்தத் தோசை வேண்டாம். பால் நீல டம்ளரில் வந்தால் சிவப்பு வேண்டும், சிவப்பில் ஊற்றினால் நீலம் வேண்டும். தம்பி எதிரில் உட்கார்ந்தால் "அவன் என்னையே பாக்கறான்" என்று சிணுங்கல். இப்படியே விளக்கு வைக்கும் நேரம் வரை ஓடுகிறது. அப்புறம் தானாகவே இறங்கிவிடும். பாட்டி மடியில் படுத்துக்கொண்டு கதை கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

மாமியார் "செல்லம் ஜாஸ்தி" என்கிறார். வீட்டுக்காரர் "போனைக் கையில குடு, சரியாயிடுவா" என்கிறார். எனக்கு அவள் வாயை அடைப்பது நோக்கமில்லை. இது ஒரு மனநிலை, வரும், போகும், வந்திருக்கும்போது என்ன செய்துகொள்ளலாம் என்று அவளுக்கே தெரிய வேண்டும். அதை 5 வயதுக்கு எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலர் வகுப்பு டீச்சர்

அம்மா, நான் எல்கேஜி, யூகேஜிக்குப் பாடம் எடுப்பவள். நீங்கள் சொல்கிற அதே பிள்ளைகளைத்தான் நான் பகல் முழுக்கப் பார்க்கிறேன். வகுப்பில் தங்கமாக இருக்கும் பிள்ளைதான் வீட்டுக்குப் போனதும் சிடுசிடு என்று ஆகும். காலையிலிருந்து வரிசையில் நிற்கிறது, வாயில் விரல் வைத்து உட்கார்கிறது, பென்சிலைப் பிடுங்கியவனைத் திருப்பி அடிக்காமல் இருக்கிறது. அந்த வயதுக்கு இது பெரிய உழைப்பு. அதை எல்லாம் இறக்கிவைக்க வீட்டைத்தான் தேடும், ஏனென்றால் அங்கேதான் என்ன செய்தாலும் அம்மா விட்டுப் போகமாட்டாள் என்ற நிச்சயம் இருக்கிறது.

முதலில் வாசலில் வைத்துக் கேள்வி கேட்பதை நிறுத்திப் பாருங்கள். "இன்னைக்கு என்ன படிச்ச? மிஸ் என்ன சொன்னாங்க? டிபன் சாப்பிட்டியா?" இவை எல்லாமே அவளுக்கு இன்னொரு வகுப்புதான். கை கால் கழுவி, ஒரு வாழைப்பழமோ வேர்க்கடலை உருண்டையோ கொடுத்து, கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசாமல் விடுங்கள். டம்ளரைக்கூட அவளையே எடுத்துவரச் சொல்லுங்கள். பகல் முழுக்கத் தானாக ஒன்றையும் தேர்ந்தெடுக்காத பிள்ளை அது.

திருப்பூர்த் தகப்பன்

எனக்கும் இதே கதைதான், ஆனால் என் மகனுக்கு 4 வயது, கை நீளும். அக்காவை அடிக்கிறான், என்னையும் அடிக்கிறான். "கோவமா இருக்கியாடா?" என்று பொறுமையாகக் கேட்டால் "இல்ல!" என்று இன்னும் பெரிதாகக் கத்துகிறான். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். பெயர் சொன்னால் பற்றிக்கொள்கிறதே, அதற்கு என்ன செய்ய?

தென்காசித் தாத்தா

தம்பி கேட்டது நல்ல கேள்வி. நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பேரப்பிள்ளைகள் மூன்று பேர் எங்கள் வீட்டில்தான் வளர்கிறார்கள். என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளையின் மனசை ரொம்பத் துருவுகிறார்கள். "ஏன் அழற, என்ன ஆச்சு, யார் என்ன சொன்னா, இப்ப எப்படி இருக்கு?" பெரியவர்களை இப்படிக் கேட்டாலே எரிச்சல் வரும்.

எங்கள் வீட்டில் முகம் வாடி ஒரு பிள்ளை வந்தால் என் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து முன்னால் போட்டு, "வா, உருவிக் குடு" என்பாள். இரண்டு பேரும் கீரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் இலையும் காம்புமாகச் சேர்த்துப் பிய்த்துப் போடும். அவள் திருத்தமாட்டாள். போகப்போக விரல் நிதானத்துக்கு வரும். பாதிக் கட்டு முடிவதற்குள் பிள்ளை தானாக, தலையை நிமிர்த்தாமலே, "பாட்டி, அவன் என் ரப்பரை எடுத்துக்கிட்டான்" என்று ஆரம்பிக்கும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டால் வராத வார்த்தை, பக்கத்தில் உட்கார்ந்தால் வரும். வேலை கொடுங்கள், வெளியே கூட்டிப்போங்கள், மாட்டைக் காட்டுங்கள். பேச்சைக் குறையுங்கள்.

மருத்துவமனை அக்கா

நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். மனசைப் பார்ப்பதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஈரோட்டுத் தங்கச்சி, நாளைக்கு அவள் வந்ததும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால் அதுவே ஒரு தகவல். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காத பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள். சிறுநீரை அடக்குவார்கள், மலத்தையும் அடக்குவார்கள். மலச்சிக்கலால் வயிறு இறுகிப்போன பிள்ளைக்குத் தோசை கிழிந்தாலும் அழுகைதான், கிழியாவிட்டாலும் அழுகைதான்.

அடுத்தது தூக்கம். 3 முதல் 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை. யூகேஜியில் பகல் தூக்கம் போய்விடுகிறது. காலை 6 மணிக்கு எழுப்புகிற வீட்டில் குழந்தை இரவு 8 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். நம் வீடுகளில் சீரியல் முடிந்து, அப்பா வந்து, சாப்பிட்டு, விளக்கை அணைக்கவே பத்தாகிவிடுகிறது. தினம் இரண்டு மணி நேரம் கடன் விழுந்தால் அதைச் சாயங்காலம்தான் வசூலிக்கும்.

ராத்திரி ஆசனவாயைச் சொறிகிறாளா, பல்லை நறநறக்கிறாளா என்று கவனியுங்கள். கீரிப்பூச்சி இருந்தால் அரிப்பு ராத்திரியில்தான் அதிகம், பிள்ளைக்குத் தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும். பல் நறநறப்பு பூச்சி இல்லாமலும் வரும், அரிப்புதான் முக்கியமான அறிகுறி. பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுத்திருந்தாலும் கீரிப்பூச்சிக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும், வீட்டில் எல்லோருமே சாப்பிட வேண்டும். மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 67 சதவீதம், தமிழ்நாட்டில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளை களைப்பாக இருக்கும், எரிச்சல்படும், சாப்பிட மறுக்கும், சில பிள்ளைகள் சாக்பீஸ், மண், சாம்பல் தின்னும். அதை நாம் "சேட்டை" என்கிறோம். 5 வயது தாண்டிய பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமாவது இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். பார்க்காமல் கடையில் சிரப் வாங்கி ஊற்றாதீர்கள்.

பாலர் வகுப்பு டீச்சர்

அக்கா சொன்ன பாட்டில் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. மத்தியானம் பாட்டில்களை வரிசையாக வைக்கும்போது எந்தப் பிள்ளை குடிக்கவே இல்லை என்று ஒரே பார்வையில் தெரியும்.

மதுரை ஆலோசகர்

குழந்தைகள் மனநல ஆலோசனையில் வேலை செய்கிறேன். திருப்பூர்த் தம்பி கேட்டதற்கும் தாத்தா சொன்னதற்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் தாத்தாவோடு பாதி வழி வருவேன்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2007இல் கலிபோர்னியாவில் மாத்யூ லீபர்மேன் குழு நடத்திய மூளைப் படச் சோதனையில், படத்தில் தெரிந்த முகத்தின் உணர்ச்சியை வார்த்தையில் சொன்னபோது, பயத்துக்கும் கோபத்துக்கும் துள்ளுகிற அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் பெரியவர்கள். அமைதியாகப் படுத்திருந்தவர்கள். கத்திக்கொண்டிருக்கிற 4 வயதுப் பிள்ளையிடம் அதை அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது. அவசரத்தை அடக்கி நிதானிக்க வைக்கிற முன்மூளைப் பகுதி முழுசாக முதிர இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. இந்த வயதில் அந்த நிதானத்தை நாம்தான் கடன் கொடுக்க வேண்டும்.

2003இல் மைக்கேல் பொடிகலும் மற்றவர்களும் அமெரிக்காவில் ஒன்றரை வயதிலிருந்து 5 வயது வரையான பிள்ளைகளின் அடத்தை, பெற்றோர் எழுதிக் கொடுத்த விவரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். நான்கில் மூன்று பங்கு 5 நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. கத்தல், உதைத்தல் போன்ற கோபச் செய்கைகள் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகின்றன. அழுகை, சிணுங்கல், அம்மாவைத் தேடுவது போன்ற துக்கச் செய்கைகள் கூடவே ஓடி, கோபம் இறங்கிய பிறகும் மிஞ்சுகின்றன. கோபம் உச்சியில் இருக்கும்போது பேசுவது கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி. "கோவமா இருக்கியா?" என்பது அவனுக்குக் கேள்வியாகவே விழுவதில்லை, குற்றச்சாட்டாக விழுகிறது. அந்த நேரத்துக்கு இரண்டே வேலைதான்: கையைப் பிடித்து அடியைத் தடுப்பது, பக்கத்திலேயே இருப்பது. "அடிக்க விடமாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். குரல் தழுதழுத்து அழுகையாக மாறும் இடம் ஒன்று வரும். அங்கே மடியைக் கொடுங்கள். பெயர் சொல்வதெல்லாம் அதற்கும் பிறகு.

அதையும் கேள்வியாகக் கேட்காமல் ஊகமாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். "அக்கா உன்னைச் சேத்துக்காம விளையாடினா கஷ்டமாதான் இருக்கும்." அவ்வளவுதான். சரியாக இருந்தால் தலையாட்டுவான். தப்பாக இருந்தால் "இல்ல, அவ என் காரை உடைச்சா" என்று திருத்துவான். இரண்டுமே நமக்கு லாபம். "ஏன் அழற?" என்பதுதான் அந்த வயதுக்கு இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி.

சென்னைச் சித்தி

எல்லோரும் அம்மா அப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். சுற்றி இருக்கிற எங்களைப் பற்றியும் பேச வேண்டும். குழந்தை உம்மென்று உட்கார்ந்திருந்தால் சொந்தக்காரர்கள் முதலில் செய்வது கேலி. "மூஞ்சியைப் பாரு", "உதட்டுல காக்கா வந்து உக்காரப் போகுது", "ஆம்பளப் பையன் அழலாமா?" இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அழுகிற பிள்ளையைப் போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பத்துப் பேர் அதற்குச் சிரிக்கிற இமோஜி அனுப்புகிறார்கள். அடுத்த விசேஷத்தில் அந்தப் பிள்ளையிடமே அதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

எங்கள் அக்கா மகன் ஒரு கல்யாண வீட்டில் இப்படி ஒரு வீடியோவைப் பார்த்தான். 6 வயது. அவன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை, எழுந்துபோய் நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். இப்போதெல்லாம் அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனே கற்றுக்கொண்டான். தயவுசெய்து அழுகிற பிள்ளையைப் படம் எடுக்காதீர்கள். யாராவது எடுத்தால் அந்த இடத்திலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

தென்காசித் தாத்தா

படம் எடுப்பது தப்புதான் அம்மா, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரு கேலியும் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நாளைக்கு நாலு பேர் நடுவில் எப்படித் தாங்கும்? மாமன் மச்சான் கேலி நம் குடும்பங்களில் பாசத்தோடு சேர்ந்தே வருவது.

மதுரை ஆலோசகர்

ஐயா, பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போது எவ்வளவு கேலியும் செய்யுங்கள், அது அவனுக்குப் பலம். திருப்பி நம்மையும் கேலி செய்வான். அழுதுகொண்டிருக்கும்போது செய்கிற கேலியில் அவன் ஒன்றைத்தான் கற்றுக்கொள்கிறான்: மனசு சரியில்லாத நேரத்தில் இவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. 14 வயதில் அவனுக்குப் பெரிய பிரச்சினை வரும்போதும் அந்தப் பாடம்தான் ஞாபகம் இருக்கும்.

தென்காசித் தாத்தா

அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன்.

திருப்பூர்த் தகப்பன்

ஆலோசகர் அவர்களுக்கு நன்றி. பேசாமல் கையை மட்டும் பிடித்துக்கொள்வது எனக்குச் சாத்தியமாகத் தெரிகிறது. ஆனால் ஒன்று. நான் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிறேன், மனைவியும் வேலைக்குப் போகிறவள். ராத்திரிச் சமையல் நடக்கும்போது இரண்டு பிள்ளைகள் கத்தினால் போனைத் தவிர வேறு எது இருக்கிறது? போன் கொடுக்காதே என்று சொல்வது எளிது.

மதுரை ஆலோசகர்

நியாயமான கேள்வி தம்பி. எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதைவிட எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வரம்பு. அதற்குள் ஒரு நேரத்தை முடிவு செய்து, சமைக்கும்போது கார்ட்டூன் என்று தினம் வைத்துக்கொண்டால் அதனால் வீடு கெட்டுவிடாது. அழுகைக்கு மருந்தாகக் கொடுக்கும்போதுதான் சிக்கல். 2022இல் மிச்சிகனில் ஜென்னி ராடெஸ்கி குழு 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்தது. சமாதானப்படுத்த அடிக்கடி திரையைக் கொடுத்த வீடுகளில், முக்கியமாக ஆண் பிள்ளைகளிடமும் ஏற்கெனவே துறுதுறுப்பு அதிகமான பிள்ளைகளிடமும், சின்ன விஷயத்துக்கும் பொங்குவது கூடியிருந்தது. அழுகை தானாக வடிகிற அனுபவமே அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே அழுவதற்கு முன்னாலேயே கொடுங்கள், அழுத பிறகு கொடுக்காதீர்கள். மற்ற நேரத்தில் தாத்தா சொன்ன கீரைக்கட்டை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். பூண்டு உரிக்க, பட்டாணி உரிக்க, சப்பாத்தி மாவு பிசைய 4 வயதுக் கை போதும்.

பாலர் வகுப்பு டீச்சர்

மூச்சுக்கு நான் செய்வது ஒன்று. சின்னப் பிள்ளைகளிடம் "மூச்சை இழுத்து விடு" என்றால் தோளைத் தூக்கிக்கொண்டு இன்னும் இறுகிப்போவார்கள். "மல்லிப்பூவை மோந்து பாரு, சூடான பாலை ஊதி ஆத்து" என்பேன். ஒரு கையில் பூ, இன்னொரு கையில் டம்ளர், இரண்டும் பாவனைதான். பால் சிந்தாமல் ஊத வேண்டும் என்பதால் மூச்சு தானாக நீளும். சந்தோஷமாக இருக்கும்போது விளையாட்டாகப் பழக்குங்கள். அழும்போது முதல்முறையாகச் சொன்னால் டம்ளரைத் தட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, வகுப்பு வாசலில் மூன்று கொட்டாங்குச்சி வைத்திருக்கிறேன். ஒன்றில் சிரிப்பு முகம், ஒன்றில் அழுகை முகம், ஒன்றில் வாய் கோடாக இருக்கும் சும்மா முகம். காலையில் உள்ளே வரும்போது ஆளுக்கொரு புளியங்கொட்டை எடுத்து, இன்று எப்படி இருக்கிறதோ அதில் போட்டுவிட்டு உட்கார வேண்டும். ஏன் என்று நான் கேட்பதே இல்லை. அதுதான் அதில் முக்கியம். ஒரு பையன் திங்கட்கிழமையானால் அழுகைக் கொட்டாங்குச்சியில்தான் போடுவான். மற்ற நாளில் இல்லை. ஒருநாள் அவன் அம்மாவிடம் தற்செயலாகச் சொன்னபோது, "ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் மிஸ் அவங்க அப்பா பெங்களூருக்குப் பஸ் ஏறுவாரு" என்றார். திங்கட்கிழமைகளில் அவனுக்கு நோட்டுகளை விநியோகிக்கிற வேலையைக் கொடுத்துவிடுகிறேன், என் பக்கத்திலேயே நடப்பான்.

ஈரோட்டு அம்மா, உங்கள் மாமியாரோடு விவாதம் வேண்டாம். ராத்திரி மடியில் படுக்க வைத்துக் கதை சொல்கிறவர் அவர்தான். கதையில் ஒரு சிடுமூஞ்சிக் காக்காவைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மதுரை ஆலோசகர்

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் முதல் பதிவில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது: இது வரும், போகும் என்று எப்படிப் புரியவைப்பது?

அது இருக்கும்போது புரியவைக்க முடியாது. "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்பதில் வருகிற கொஞ்ச நேரம் 5 வயதுக்கு எவ்வளவு என்றே தெரியாது. போன பிறகுதான் காட்ட முடியும். உங்கள் மகள் பாட்டி மடியில் நிம்மதியாகப் படுத்திருக்கும் அந்த நேரம்தான் சரியான நேரம். "சாயங்காலம் ஒரே எரிச்சலா இருந்துச்சுல்ல? டம்ளர்கூடப் பிடிக்கல. இப்ப எங்க போச்சு அது?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். திட்டுகிற தொனி துளியும் வேண்டாம். தேடுவாள், சிரிப்பாள், "போயிடுச்சு" என்பாள். பல சாயங்காலங்கள் இப்படிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அடுத்த எரிச்சலின் நடுவில் "முன்னாடியும் போச்சு" என்ற ஞாபகம் இருக்கும்.

ஒரு எல்லையும் தெரிந்திருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி இருக்கலாம் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 8 வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது. "தம்பி மேல பாசமும் இருக்கு, கோவமும் இருக்கு" என்று 5 வயதிடம் சொன்னால் குழம்பும். "இப்ப கோவம், அப்புறம் பாசம்" என்று முன்பின்னாகச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்ளும். கோபம் என்ற ஒரே சொல்லோடும் நிற்காதீர்கள். ஏமாற்றம், பொறாமை, சலிப்பு, ஏக்கம், வெட்கம் எல்லாம் வீட்டுப் பேச்சில் வரட்டும். நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள்: "கரண்ட் போயிடுச்சு, அம்மாவுக்குச் சலிப்பா இருக்கு, கொஞ்ச நேரம் வாசல்ல உக்காந்துட்டு வரேன்."

சேலத்திலிருந்து ஒரு தாய்

என் மகனுக்கு ஆட்டிசம். இந்த இழையைப் படிக்கும் யாராவது ஒருவருக்காவது உபயோகப்படும் என்று எழுதுகிறேன். சில பிள்ளைகளுக்கு இது வெறும் மூட் இல்லை. மிக்ஸி சத்தம், சட்டைக் காலரில் உள்ள லேபிள், டியூப்லைட் மினுக்கல், இவையே தாங்க முடியாமல் போகும். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் குறைந்தாலோ, தலையைச் சுவரில் மோதினாலோ, தன்னையே கடித்துக்கொண்டாலோ, சிடுசிடுப்பு வாரக்கணக்கில் இறங்காமல் சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஒரு குறிப்பிட்ட ஆளிடம் போகவோ ஒரு இடத்துக்குப் போகவோ பயந்தால், அதை மூட் என்று ஒதுக்கவே ஒதுக்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

ஈரோட்டு அம்மா

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மருத்துவமனை அக்கா சொன்னபடி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். நிரம்பியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரிடம் மட்டும் சொன்னேன். அவர் ராத்திரி கதையில் ஒரு காக்காவைக் கொண்டுவந்தார், "அது காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கல, அதான் எல்லாரையும் கொத்துச்சு" என்றார். இவள் உடனே, "காக்கா பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல பாட்டி, அதான் குடிக்கல" என்றாள்.

மறுநாள் வகுப்பு டீச்சரிடம் பேசினேன். கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, பெரிய பிள்ளைகள் தள்ளித் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இப்போது ஆயாம்மா வாசலில் நிற்கிறார். பாட்டில் பாதியாவது காலியாகி வருகிறது. சிடுசிடுப்பு முழுசாகப் போய்விடவில்லை, தூக்கத்தைச் சரிசெய்வது இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் "வயித்துல கோவம் இருக்கு" என்று அவளாகவே வந்து சொன்னாள், மாமியாரே பாலை ஊதி ஆற்றும் விளையாட்டை விளையாடினார்.

ராமநாதபுரம் பொண்ணு

எனக்கும் ஒரு யோசனை சொல்லுங்கள் அக்கா, ஐயா. மகனுக்கு 5 வயது. அப்பா சவூதியில். ராத்திரி ஒன்பதரைக்கு அங்கே வேலை முடித்து வீடியோ காலில் வருவார். பேசும்போது குஷியாக இருக்கிறான். வைத்ததும் என்னிடம் முறைக்கிறான், தலையணையை வீசுகிறான், சில நாள் அப்பாவிடமே பேசமாட்டேன் என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அவருக்கு அங்கே மனசு உடைகிறது. பையனைச் சமாதானப்படுத்த உடனே யூடியூப் போட்டுவிடுகிறேன்.

மதுரை ஆலோசகர்

தங்கச்சி, இது தீர்க்க வேண்டிய மூட் இல்லை, அவனுக்கு நியாயமாக வந்திருக்கிற துக்கம். அதை உடனே துடைக்க வேண்டாம். "அப்பா இங்க இல்லன்னு ஏக்கமா இருக்கு, எனக்கும் இருக்கு" என்று சொல்லிப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். அப்பா மேல் கோபம் என்றால் அதை அப்பாவிடமே சொல்லட்டும். அவரையும் தயார்படுத்துங்கள்: "சரிடா, நீ கோவிச்சுக்கலாம், நான் நாளைக்கும் கூப்பிடுவேன்" என்றால் போதும், பொம்மை வாங்கி வருகிறேன் என்று பேரம் பேச வேண்டாம். எப்போது வருவார் என்று தேதி தெரிந்தால் காலண்டரில் குறித்து, தினம் தாளைக் கிழிக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள். தேதி தெரியாவிட்டால் பொய்த் தேதி சொல்லாதீர்கள்.

மருத்துவமனை அக்கா

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். ஒன்பதரைக்கு அந்தப் பிள்ளை ஏற்கெனவே தூக்கத்துக்குத் தள்ளாடுகிறது, அதற்கு மேல் அப்பாவைப் பார்த்துவிட்டுப் பிரிய வேண்டியிருக்கிறது. அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு என்றால் இங்கே சாயங்காலம் 5 மணி, அங்கே மதியம் இரண்டரை. அன்று நிதானமாகப் பேசட்டும். பேசி முடித்த பிறகு முறைக்க, அழ, வெளியே போய் விளையாட, மறுபடி வந்து உங்கள் மடியில் உட்கார நேரம் மிச்சம் இருக்கும். மற்ற நாட்களில் ராத்திரி வீடியோ வேண்டாம், அவர் வேலை முடிந்ததும் குரலில் ஒரு சேதி பதிந்து அனுப்பினால் மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது போட்டுக் காட்டுங்கள்.